அட்மிஷனுக்குப் பிறகுதான் ஆரம்பம்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பொதுப் பள்ளியில் படிக்கவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் ரவுண்டானாவிலிருந்து எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தாலும் ஒரு பள்ளிக்கூடம் வந்துவிடும். மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் சங்கம் வைத்துக் கட்டிய பழைய பள்ளிகள், கிறிஸ்தவ சபைகளின் பள்ளிகள், தாராவியில் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள், செம்பூரில் சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பலகைகள். இத்தனை இருந்தும், பேச்சு தாமதமான பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, ஐந்தாம் வகுப்பிலும் வாசிக்கத் திணறும் பிள்ளை என்றால் பெற்றோர் படி படியாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஏதோ ஒரு பள்ளியில் இடம் கிடைத்ததும் ‘அப்பாடா’ என்று உட்கார்ந்துவிடுகிறோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பெயர் ரெஜிஸ்டரில் இருக்கிறது. பிள்ளை கடைசி பெஞ்சில் இருக்கிறது. ரிப்போர்ட் கார்டில் ‘கவனம் போதாது’ என்று ஒரு வரி இருக்கிறது. சட்டம் பள்ளியின் கேட்டைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே நடக்க வேண்டிய சின்னச் சின்ன ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுத்தில் வாங்கி, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது நம் வேலை. அந்த வேலையை எங்கே தொடங்கி எப்படி நடத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## தாராவியில் ஏற்கெனவே நடந்தது

‘இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும், நம் ஊருக்குச் சரிவராது’ என்று யாராவது சொன்னால், பக்கத்திலேயே பதில் இருக்கிறது. மகளுக்குப் பெருமூளை வாதம் என்று தெரிந்த பிறகு, மிது ஆலூர் 1972-இல் மும்பையில் தொடங்கிய அமைப்பு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா. இன்று அதன் பெயர் அடாப்ட். முதலில் தனிச் சிறப்புப் பள்ளிகளை நடத்திய அந்த அமைப்பு, 1990களின் கடைசியில் தன் பாதையையே மாற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பும் வேலையில் இறங்கியது. அங்கன்வாடித் திட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தைகள் விடுபட்டுப் போயிருந்ததை மிது ஆலூர் தன் முனைவர் பட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். அதைத் தொடர்ந்து, 2000களின் தொடக்கத்தில், தாராவியின் மழலையர் வகுப்புகளில் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் முயற்சி நடந்தது. அவருடைய மகள் மாலினி சிப் சேவியர்ஸ் கல்லூரியில் படித்தார்; ஒரே விரலால் தட்டச்சு செய்து எழுதிய ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ என்ற தன்வரலாறு 2010-இல் வெளிவந்தது.

தாராவிச் சந்துக்குள் இருக்கும் மழலையர் வகுப்பில் செய்துபார்க்க முடிந்ததை, லிஃப்டும் ஸ்மார்ட் போர்டும் வைத்திருக்கும் பள்ளி ‘எங்களுக்கு வசதி இல்லை’ என்று சொல்ல முடியாது.

## கையில் வைத்திருக்க வேண்டிய சட்டங்கள்

நீளமாகப் படிக்கத் தேவையில்லை. இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

- கல்வி உரிமைச் சட்டம், 2009. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2012 திருத்தத்தால் மாற்றுத்திறன் பிள்ளைகள் பின்தங்கிய பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். அதனால் தனியார் பள்ளிகளின் 25% இலவச இடங்களுக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, இண்டர்வியூ வைக்கக் கூடாது என்கிறது 13-வது பிரிவு.
- மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19-இல் அமலுக்கு வந்தது. 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகள் இதில் 21 ஆயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இந்தச் சட்டத்தில்தான் உள்ளே வந்தன. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், தேவைக்கேற்ற மாற்றங்கள் செய்து தர வேண்டும் என்பது 16-வது பிரிவு.
- அதே சட்டத்தின் 17, 31-வது பிரிவுகள். கூடுதல் நேரம், எழுதித்தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு 17-இல் இடம் இருக்கிறது. குறைபாடு 40% அல்லது அதற்கு மேல் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அதுவும் வீட்டருகே உள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ என்பது 31.
- சிறப்பு ஆசிரியர் விகிதம். உச்ச நீதிமன்றம் 2021-இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏட்டுக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் அதிலேயே தெரிகிறது.

## படி 1: கவனியுங்கள், தேதி போட்டு எழுதுங்கள்

மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு தனிப் பாரம் உண்டு. வீட்டில் தமிழ், சாலிலும் பில்டிங்கிலும் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், மகாராஷ்டிராவின் 2020 கட்டாய மராத்திச் சட்டத்துக்குப் பிறகு எந்த போர்டானாலும் மராத்தி. ஆறேழு வயதுக்குள் இரண்டு மூன்று எழுத்துமுறைகள் தலையில் ஏறுகின்றன. பிள்ளை தடுமாறினால் ‘மொழி புதுசு, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஒரு பக்கம் சொல்வார்கள்; ‘மந்தம்’ என்று மறுபக்கம் முத்திரை குத்துவார்கள். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். எழுத்தை விட்டுவிட்டுச் சத்தத்தோடு விளையாடுங்கள். ‘கடல்’ என்பதில் முதல் சத்தத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ‘படம்’, ‘பாடம்’, ‘பட்டம்’ மூன்றையும் சொல்லிக் காட்டினால் வேறுபாடு பிடிபடுகிறதா? பாட்டி சொன்ன கதையைத் திருப்பித் தமிழில் கோவையாகச் சொல்ல வருகிறதா? தமிழில் இதெல்லாம் சரளமாக வந்து ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், அது பெரும்பாலும் மொழிப் பழக்கம். தாய்மொழியிலேயே சத்தங்களைப் பிரிக்க முடியாமல், எந்த எழுத்துமுறையிலும் கொம்பும் காலும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் பரிசோதனைக்குப் போக வேண்டும். இந்த விளையாட்டு நோயறிதல் ஆகாது. டாக்டரிடம் சொல்ல ஒரு தகவல்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு இவற்றைக் குறியுங்கள்:

- பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, எத்தனை முறை கூப்பிட வேண்டியிருக்கிறது
- கரும்பலகையில் இருப்பதை எவ்வளவு நேரத்தில் எழுதி முடிக்கிறது, பாதியில் எங்கே நிற்கிறது
- எந்தச் சத்தம், எந்தக் கூட்டம், எந்த நேரம் பிள்ளையைத் தொந்தரவு செய்கிறது
- எது நன்றாக வருகிறது: கணக்கா, பாட்டா, படம் வரைவதா, பொருளைக் கழற்றி மாட்டுவதா

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பள்ளியோடு பேசும்போது அதுதான் முதலில் வேண்டும்.

## படி 2: கண், காது, பிறகு மற்றவை

போர்டைப் பார்த்து எழுத மறுக்கும் பிள்ளைக்குக் கண்ணாடி மட்டும் தேவைப்படலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தால் பாதிப் பாடம் காதில் விழாது. அதனால் முதலில் கண், அடுத்து காது.

காதுப் பரிசோதனைக்குப் பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. 1983 முதல் நடக்கும் மத்திய அரசு நிறுவனம். கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் ஏறினால் மாஹிம், அடுத்தது பாந்த்ரா. கை, கால், நடை சம்பந்தப்பட்ட பிரச்சினைக்கும் காலணி, ஊன்று கருவிகளுக்கும் ஹாஜி அலியில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் உண்டு. வளர்ச்சித் தாமதத்துக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் தாராவி, கிங்ஸ் சர்க்கிள் மக்களுக்கு மிகப் பக்கம் சயான் மருத்துவமனை. அங்கே கற்றல் குறைபாட்டுக்கான (எல்.டி.) பரிசோதனைப் பிரிவு நெடுங்காலமாக நடக்கிறது. பரேலில் கே.இ.எம்., மும்பை சென்ட்ரலில் நாயர் மருத்துவமனைகளிலும் வசதி உண்டு. பணம் கட்டத் தயங்கி யாரும் நின்றுவிட வேண்டாம். இவை மாநகராட்சி மருத்துவமனைகள். ஆனால் கூட்டம் அதிகம். இன்று பெயர் பதிந்தால் முழுப் பரிசோதனை முடியப் பல முறை போக வேண்டியிருக்கும். அதனால் ரிசல்ட் வரும் மே மாதம் வரை காத்திராமல், சந்தேகம் வந்த அன்றே பதியுங்கள்.

போகும்போது ரிப்போர்ட் கார்டுகள், பிள்ளையின் நோட்டுகள், பள்ளி தந்த கடிதம், உங்கள் தேதிக் குறிப்பு நான்கும் கையில் இருக்கட்டும். அடித்துத் திருத்தாத நோட்டாகக் கொண்டுபோங்கள். டியூஷன் டீச்சர் எழுதிக்கொடுத்த அழகான நோட்டால் பயன் இல்லை.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையானால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு இந்திய மொழிகளில் தேசிய மூளை ஆய்வு மையம் உருவாக்கிய ‘டாலி’ சோதனை முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில். தமிழ் அதில் இல்லை. தெரியாத மொழியில் வைத்த சோதனையில் பிள்ளை குறைவாக வாங்கினால் அது பிள்ளையின் குறை ஆகாது. எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘குழப்பமாகும், வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்ற அறிவுரை ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அடிக்கடி கிடைக்கும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தா பாட்டியோடு பேச்சு அறுந்து போவதுதான் நிஜமான நஷ்டம். தமிழிலேயே பேசுங்கள்.

## படி 3: சான்றிதழும் யூ.டி.ஐ.டி. அட்டையும்

மத்திய அரசின் ஸ்வாவலம்பன் தளத்தில் விண்ணப்பித்து, சொல்லும் மருத்துவமனையில் பரிசோதித்த பிறகு மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூ.டி.ஐ.டி. அட்டையும் கிடைக்கும். 2024 அக்டோபர் விதிகளின்படி அட்டை மூன்று நிறங்களில் வருகிறது: 40%-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். 25% ஒதுக்கீடு போன்ற பல உரிமைகளுக்கு 40% என்பதுதான் எல்லைக்கோடு.

கற்றல் குறைபாட்டுக்கு ஒரு தனி விதி உண்டு. 2018 வழிகாட்டுதலின்படி எட்டு வயது ஆன பிறகுதான் சான்றிதழ் தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதனை. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லையே என்று பள்ளி கை விரித்தால் விட்டுவிடாதீர்கள். முன் பெஞ்ச் தருவதற்கும், போர்டில் எழுதியதைக் கொஞ்சம் நேரம் அழிக்காமல் விடுவதற்கும் சான்றிதழ் தேவையில்லை. பரீட்சைச் சலுகைக்குத்தான் அது வேண்டும்.

அதீதத் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் உள்ள ஏ.டி.எச்.டி. அந்த 21 வகைகளில் தனியாக இல்லை. அதோடு கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று முழுப் பரிசோதனை கேளுங்கள்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்டின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவும் அதில் அடங்கும். பலருக்குத் தெரியாமலே போகிறது.

## படி 4: பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள்

25% ஒதுக்கீட்டுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம், லாட்டரியில்தான் இடம். மாற்றுத்திறன் பிரிவுக்கு வருமான வரம்பு இல்லை. சான்றிதழும் முகவரிச் சான்றும் முக்கியம். அரசுப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் தனியார் பள்ளிக்கு 25% இடம் தரும் கட்டாயம் இல்லை என்று மகாராஷ்டிரா அரசு 2024-இல் விதியை மாற்றியது. அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நம் வட்டாரத்தில் ஒரு முடிச்சு உண்டு. இங்குள்ள பல பள்ளிகள் மொழிச் சிறுபான்மை அல்லது மதச் சிறுபான்மை அந்தஸ்து பெற்றவை. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே 25% இடத்தை அங்கே கேட்க முடியாது. ஆனால் 2016 சட்டம் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளைப் பற்றிப் பேசுகிறது. ‘நாங்கள் சிறுபான்மைப் பள்ளி’ என்ற பதில் கட்டண இடத்துக்குச் செல்லாது.

மாநகராட்சிப் பள்ளியை முதலிலேயே ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ் உட்பட எட்டு மொழிகளில் மாநகராட்சி பள்ளி நடத்துகிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி பள்ளியாகச் சுற்றிவரும் சிறப்பு ஆசிரியர்கள் உண்டு. அந்தப் பள்ளிக்கு வருபவர் எந்த நாளில் வருவார், ஒரு பிள்ளையோடு எவ்வளவு நேரம் இருப்பார் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். தமிழ் வழியில் சேர்ப்பதானால், எந்த வகுப்பு வரை அங்கே தமிழ் இருக்கிறது, அதற்குப் பிறகு எந்த மொழிக்கு மாற வேண்டும் என்பதையும் இப்போதே கேளுங்கள். பாதியில் மொழி மாறுவது எந்தப் பிள்ளைக்கும் சிரமம். இந்தப் பிள்ளைக்கு இரட்டைச் சிரமம்.

பள்ளிக்குப் போனால் இவற்றைக் கண்ணால் பாருங்கள்:

1. கேட்டிலிருந்து வகுப்பறை வரை எத்தனை படி. சாய்தளம் இருந்தால் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது. அதைவிடச் செங்குத்தானால் நாற்காலியைத் தனியாக உருட்ட முடியாது.
2. தரைத்தளக் கழிப்பறையில் மேற்கத்திய கோப்பையும் கைப்பிடியும் இருக்கிறதா. கதவு பூட்டிக் கிடக்கிறதா.
3. ஒரு வகுப்பில் எத்தனை பேர். தொடக்க வகுப்புக்குச் சட்டம் சொல்வது 30 பேருக்கு ஓர் ஆசிரியர்.
4. சிறப்பு ஆசிரியர் இருந்தால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண் உண்டா.
5. இடைவேளையில் சிறப்புத் தேவைப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள். மற்றவர்களோடு மைதானத்திலா, தனி அறையிலா?

ஐந்தாவதுதான் அந்தப் பள்ளியின் உண்மையைச் சொல்லும்.

## படி 5: ஆபீஸில் சொல்வார்கள், நீங்கள் என்ன சொல்லலாம்

‘எங்களிடம் ஸ்பெஷல் டீச்சர் இல்லை மேடம்.’ ‘நியமிக்கும்வரை வகுப்பு டீச்சர் செய்யக்கூடிய மூன்று விஷயங்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பார்க்கிறீர்களா?’

‘பையனைக் கூட்டிட்டு வாங்க, ஒரு சின்ன டெஸ்ட்.’ சேர்க்கைக்கு டெஸ்ட் சட்டப்படி கூடாது. சேர்ந்த பிறகு பிள்ளையின் தேவையை அறிய நீங்கள் சோதித்தால் எனக்கு மகிழ்ச்சி என்று சொல்லுங்கள்.

‘ஷேடோ டீச்சரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சம்பளமும் உங்களுடையது.’ இதை நிபந்தனையாக வைத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள். உதவியாளர் உண்மையிலேயே தேவையானால், யார் நியமிப்பது, எப்போது படிப்படியாகக் குறைப்பது என்று பேசி முடியுங்கள். பிள்ளையின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்காரும் ஷேடோ டீச்சரால், மற்ற பிள்ளைகள் நெருங்காமல் போவதும் உண்டு.

‘மற்ற பேரண்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க.’ அவர்களோடு நானே பேசத் தயார், பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேளுங்கள்.

குரலை உயர்த்த வேண்டாம். சட்டத்தின் நகலை முதல் நாளே மேஜையில் வைக்கவும் வேண்டாம். பையில் இருக்கட்டும்.

## படி 6: ஒரு பக்கத் திட்டம் எழுதி வாங்குங்கள்

தனிநபர் கல்வித் திட்டம் என்று பெரிய பெயர். நடைமுறையில் ஒரு பக்கம் போதும். வகுப்பு டீச்சர், தலைமை ஆசிரியர், நீங்கள், முடிந்தால் தெரபிஸ்ட் என எல்லோரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் ஒரு பையனுக்கு அது இப்படி இருக்கலாம்:

> நன்றாக வருவது: மனக்கணக்கு, படம், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வது.
> சிரமம்: போர்டைப் பார்த்து எழுதுவது, சத்தமாக வாசிப்பது.
> ஏற்பாடு: இரண்டாம் பெஞ்ச், போர்டுக்கு நேராக. வீட்டுப்பாடத்தைப் பக்கத்துப் பையனின் டைரியிலிருந்து போட்டோ எடுக்கலாம். எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லக் கூடாது. டீச்சரிடம் தனியாக வாசிப்பான். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. மாதாந்திரச் சோதனையில் பாதிக் கேள்விக்கு வாய்மொழி பதில்.
> தீபாவளிக்குள் இலக்கு: இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியை உதவியில்லாமல் வாசிப்பது.
> மறுபடி பார்க்கும் நாள்: தீபாவளி விடுமுறைக்கு முன் கடைசி வாரம்.

இலக்கு சிறியதாக, அளந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். ‘முன்னேற்றம் காண வேண்டும்’ என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் பேசி முடிவானாலும், அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிவு செய்துவிடுங்கள்.

## படி 7: வகுப்பு டீச்சரின் பக்கமும் பாருங்கள்

டீச்சரைக் குறை சொல்வது சுலபம். ஒரு வகுப்பில் ஐம்பது பேர், முடிக்க வேண்டிய போர்ஷன், திருத்த வேண்டிய நோட்டுகள், தேர்தல் வேலை, சென்சஸ் வேலை. பி.எட்.டில் சிறப்புத் தேவை பற்றி ஒரு பாடம் படித்திருப்பார்; அப்படி ஒரு பிள்ளையை வகுப்பில் பார்த்திருக்க மாட்டார். தெரியாத பயத்தைப் பல நேரம் எரிச்சல் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவருக்குக் கூடுதல் வேலை தராத ஏற்பாடுகளிலிருந்து தொடங்குங்கள்:

- போர்டில் எழுதும்போதே சொல்லிக்கொண்டு எழுதுவது. பார்வை குறைந்த பிள்ளைக்கும் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கும் இது போதும்.
- காது கேட்கும் கருவி போட்ட பிள்ளை இருந்தால் போர்டைப் பார்த்துப் பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசுவது. ஃபேனுக்கு நேர் கீழே பிள்ளையை உட்காரவைக்காமல் இருப்பது.
- ஆட்டிசப் பிள்ளைக்கு அன்றைய பீரியடுகளைப் படங்களாக மேஜையில் ஒட்டுவது. பி.டி. பீரியடை ரத்து செய்தால் அந்தப் படத்தை முன்கூட்டியே எடுத்துக் காட்டுவது.
- துறுதுறுப்பான பிள்ளைக்கு நோட்டு சேகரிப்பது, சாக்பீஸ் எடுத்து வருவது என்று எழுந்து நடக்க ஒரு வேலை கொடுப்பது. சும்மா உட்கார் என்று பத்து தடவை சொல்வதைவிட இது பலன் தரும்.

கிண்டலை அலட்சியம் செய்யாதீர்கள். ‘மெண்டல்’, ‘பாகல்’ என்று மைதானத்தில் விழும் சொல்தான் பல பிள்ளைகளைப் பள்ளியை விட்டே விரட்டுகிறது. நட்புக்கு ஒரு பிள்ளையை மட்டும் பொறுப்பாக்கினால் சில வாரங்களில் அலுத்துவிடும். மூன்று பேரை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை நன்றாகச் செய்யும் ஏதாவது ஒன்றை வகுப்பு முழுவதும் பார்க்க வழி செய்யுங்கள்.

## படி 8: பரீட்சைக்கு இரண்டு வருடம் முன்பே

எஸ்.எஸ்.சி. தேர்வில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குச் சலுகை தருவதை மகாராஷ்டிரா 1996-இலேயே தொடங்கிவிட்டது. கூடுதல் நேரம், எழுதித்தர ரைட்டர், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை, ஒரு மொழிக்குப் பதில் செயல்முறைப் பாடம், இயற்கணிதம் வடிவியலுக்குப் பதில் கீழ்வகுப்புக் கணிதம் என்று பட்டியல் நீளும். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ.க்கும் தனித்தனிச் சலுகை விதிகள் உண்டு.

மூன்று மொழியில் மூச்சு முட்டும் தமிழ்ப் பிள்ளைக்கு மொழி விலக்கு பெரிய நிம்மதி. ஆனால் எடுப்பதற்கு முன் யோசியுங்கள். கீழ்நிலைக் கணிதம் எடுத்தால் பதினொன்றில் சயின்ஸ் பக்கம் போவது கடினம். பிள்ளைக்கு மனக்கணக்கு நன்றாக வந்து, எழுத்தில் மட்டும் சிரமம் என்றால், கணக்கை விட்டுக்கொடுக்காமல் கூடுதல் நேரத்தை மட்டும் கேட்பது நல்லது.

விண்ணப்பம் பள்ளி வழியாக வாஷியில் உள்ள மும்பைக் கோட்ட வாரியத்துக்குப் போக வேண்டும். 14 வயது மறுசோதனையை எட்டாம் வகுப்பின் முடிவிலோ ஒன்பதின் தொடக்கத்திலோ முடித்துவிட்டால் பதற்றம் இருக்காது. ரைட்டர் பரீட்சை நாளில் புதிதாக வரக் கூடாது. சொல்லிச் சொல்லி எழுதவைப்பதும் பழகவேண்டிய கலை. யூனிட் டெஸ்டிலிருந்தே பழக்குங்கள். பொது போர்டு எதுவும் சரிவராவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

## படி 9: மழைக்காலத் திட்டம்

மாநில போர்டுப் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கின்றன. மழையும் அப்போதுதான் இறங்குகிறது. காந்தி மார்க்கெட்டிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தண்ணீர் நிற்பது வருடாவருடம் நாம் பார்ப்பது. மற்ற பிள்ளைகள் பேண்டை மடித்துக்கொண்டு நடந்துவிடும். சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு அன்று பள்ளி கிடையாது.

ஆகவே ஜூனிலேயே கேட்டு வையுங்கள்: தண்ணீர் நிற்கும் நாளில் ஆப்சென்ட் போடக் கூடாது, அன்றைய பாடத்தை அனுப்ப வேண்டும், வகுப்பறை மாடியில் இருந்தால் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும். காதுக் கருவி போடும் பிள்ளையின் பையில் ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டோடு ஒரு சின்ன டப்பா இருக்கட்டும். நனைந்தால் கருவி செத்துவிடும். மழையால் திடீரென்று பள்ளியை மூடுவது ஆட்டிசப் பிள்ளையை நிலைகுலைய வைக்கும். ‘மழை, இன்று சீக்கிரம் வீடு’ என்று ஒரு பட அட்டையை டீச்சரிடம் முன்பே கொடுத்துவைத்தால் அழுகை பாதியாகக் குறையும்.

## படி 10: மறுத்தால் எங்கே போவது

வரிசை தவறாமல் போங்கள். முதலில் தலைமை ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் எழுத்தில் கடிதம்; நகலில் வாங்கியதற்கு முத்திரை. பதில் வராவிட்டால் தொடக்க வகுப்புக்கு மாநகராட்சிக் கல்வித் துறை, மேல்வகுப்புக்குக் கல்வி ஆய்வாளர் அலுவலகம். கிங்ஸ் சர்க்கிள் எஃப் நார்த் வார்டில் வரும், தாராவி ஜி நார்த், செம்பூர் எம் வெஸ்ட். வார்டு தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையமும், புனேயில் அலுவலகம் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும். 2016 சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

புகார் கொடுத்த பள்ளியில்தான் நாளை பிள்ளை உட்காரப் போகிறது. அதனால் ஒவ்வொரு படியிலும் பேச்சுக்குக் கதவைத் திறந்தே வைத்திருங்கள்.

## சிறப்புப் பள்ளி எப்போது?

சில பிள்ளைகளுக்குச் சில வருடங்கள் சிறப்புப் பள்ளி நல்லது. கேட்கும் திறன் இழந்த பிள்ளை மொழியைப் பிடித்துக்கொள்ளும்வரை, பிரெயில் கைக்கு வரும்வரை, தனியாகச் சாப்பிடவும் கழிப்பறை போகவும் பழகும்வரை. சிவ்ரியில் 1944 முதல் நடக்கும் ஜெய் வக்கீல் பள்ளி அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கானது. தாதரில் பார்வையற்ற பெண் பிள்ளைகளுக்கான பழைய பள்ளி ஒன்று இருக்கிறது. சிறப்புப் பள்ளியில் சேர்த்தால், ‘எந்தத் திறன் வந்ததும் பொதுப் பள்ளிக்கு அனுப்பலாம்?’ என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். பதில் இல்லாத பள்ளியைப் பற்றி மறுபடி யோசியுங்கள். மிகக் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைக்கு வீட்டுக்கே ஆசிரியர் வரும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையை வீட்டிலேயே வைக்க அதைச் சாக்காக்க விடக் கூடாது.

## ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி

மூன்றாம் வகுப்பு டீச்சரோடு பாடுபட்டு உண்டாக்கிய புரிதல் நாலாம் வகுப்புக்குத் தானாக ஏறாது. புது டீச்சர், புது அறை, புதுப் பக்கத்துப் பையன். பெரும்பாலான ஏற்பாடுகள் கலைவது இந்த இடத்தில்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, யாரும் சொல்லாமல் விடுவதால் நடக்கிறது.

அதனால் ஏப்ரலில் பழைய டீச்சரிடம், ‘இந்தப் பிள்ளைக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை’ என்று ஐந்து வரி எழுதித் தரச் சொல்லுங்கள். படி 6-இல் எழுதிய பக்கம், இந்த ஐந்து வரி, சான்றிதழ் நகல் மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு, பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் புது டீச்சரிடம் நேரில் கொடுங்கள். கூடவே பிள்ளையை ஒரு நாள் முன்னதாக அழைத்துப்போய்ப் புது வகுப்பறை, புதுக் கழிப்பறை, உட்காரும் பெஞ்ச் மூன்றையும் காட்டிவிடுங்கள். பள்ளி சம்மதித்தால் புது டீச்சரும் அன்று வந்து பிள்ளையின் பெயரைச் சொல்லி இரண்டு நிமிடம் பேசட்டும். இந்த வேலைக்குப் பணம் வேண்டாம், அரசாணை வேண்டாம். ஏப்ரல் காலெண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.